நுன் சிகரத்துக்கு 17 நாள் லீவு போதுமா?

நீங்கள் எழுதியதைச் சுருக்கினால் இப்படி வருகிறது. நொய்டாவில் வேலை பார்க்கும் நாலு நண்பர்கள், போன வருடம் லடாக்கின் காங் யாட்சே 2 என்ற 6,000 மீட்டர் மலையை ஏறி முடித்தாயிற்று, அடுத்த குறி அதே லடாக்கின் நுன். ஆகஸ்டில் 17 நாள் லீவு கிடைக்கும். அதற்குள் எந்தத் தேதி உச்சிக்கு நல்லது, எந்த வானிலை ஆப்பை நம்பலாம் என்று கேட்கிறீர்கள். இரண்டு தரம் படித்தபோது உள்ளே வேறொரு கேள்வி இருப்பதாகத்தான் எனக்குப் பட்டது. உச்சிக்குப் போகும் நாளை டெல்லியிலேயே குறித்து வைத்து, அதற்கு ஏற்றபடி டிக்கெட் போட்டுவிட முடியுமா என்று கேட்கிறீர்கள். முடியாது. 7,000 மீட்டர் மலையில் அந்த நாள் பேஸ் கேம்ப்பில்தான் முடிவாகும், அதுவும் இரண்டு மூன்று நாளைக்கு முன்னால்தான் தெரியும். டெல்லியில் இருந்து உங்களால் செய்ய முடிந்தது, நல்ல வானிலை வரும்வரை காத்திருக்கப் போதுமான நாளும் சாப்பாடும் அடுப்புக்குக் கேஸும் கையில் வைத்துக்கொண்டு கிளம்புவது. அதனால் உங்கள் லீவுக் கணக்கைத்தான் நான் முதலில் சந்தேகப்படுவேன். ஆப் அப்புறம்.

என்னைப் பற்றி ஒரு வரி. உத்தரகாசியில் மலையேற்றப் பயிற்சி எடுத்தவன், ஆர்.கே. புரத்தில் குடியிருக்கிறேன். இப்போதெல்லாம் ஏறுவதைவிட, ஏறப்போன குழுக்களுக்கு டெல்லியில் உட்கார்ந்து வானிலை பார்த்துச் சொல்வதுதான் அதிகம். டாக்டர் இல்லை, உடம்பு சம்பந்தமாகக் கீழே சொல்வதை உயர மருத்துவம் தெரிந்த ஒருவரிடம் சரிபார்த்துக்கொள்ளுங்கள். பனிச்சரிவு விஷயத்திலும், எந்தச் சரிவு தாங்கும், எது தாங்காது என்று டெல்லியில் இருந்து யாரும் சொல்லிவிட முடியாது. அப்படிச் சொல்கிறவரை நம்பாதீர்கள்.

முதலில் மலை எங்கே நிற்கிறது என்று பார்ப்போம், ஏனென்றால் உங்கள் காங் யாட்சே அனுபவம் இந்த இடத்தில்தான் உங்களைத் தவறான பக்கம் இழுக்கும். ‘லடாக் மழை மறைவுப் பகுதி, ஆகஸ்டில் தைரியமாகப் போகலாம்’ என்று எல்லோரும் சொல்வார்கள். லே ஊருக்கு அது பெரும்பாலும் சரிதான். வருடம் முழுக்கச் சேர்த்தாலே அங்கே 100 மில்லிமீட்டர் அளவில்தான் மழை. மார்க்கா பள்ளத்தாக்கின் காங் யாட்சேயும் உள்ளே தள்ளி இருக்கிறது. நுன் அப்படி இல்லை. 7,135 மீட்டர் நுன்னும் பக்கத்திலேயே 7,077 மீட்டர் குன்னும் இமயத்தின் பிரதான முகட்டின் மேலேயே நிற்கின்றன. ஒரு பக்கம் கார்கிலின் சுரு பள்ளத்தாக்கு, மறு பக்கம் கிஷ்த்வார். மதில் சுவருக்கு உள்ளே நிற்பதும் மதில் மேலேயே ஏறி நிற்பதும் ஒன்றில்லை. தெற்கே இருந்து வரும் ஈரக்காற்று கிஷ்த்வார் பக்கம் மோதி மேலே எழும்பும்போது, மிச்சம் மீதி முகட்டைத் தாண்டிக் கொட்டும் இடம் இதுதான். அவ்வளவு ஏன், நன்றாக உள்ளே இருக்கும் லேயிலேயே 2010 ஆகஸ்ட் 5, 6 தேதிகளின் இரவில் மேகம் வெடித்து வந்த வெள்ளத்தில் எத்தனை பேர் போனார்கள் என்பது நினைவிருக்கும். வறண்ட ஊர் என்றால் மழை அபூர்வம் என்று மட்டும்தான் பொருள். அந்த அபூர்வ நாள் உங்கள் லீவுக்குள் வராது என்பதற்கு யாரும் உத்தரவாதம் தர முடியாது.

குன்னை 1913-இலேயே இத்தாலியர்கள் ஏறிவிட்டார்கள். நுன் 1953 வரை காத்திருந்தது. பெர்னார்ட் பியேர் தலைமையில் வந்த குழுவில் க்ளோத் கோகானும் பியேர் விட்டோஸும் உச்சியைத் தொட்டார்கள். இன்று பெரும்பாலான குழுக்கள் தாங்கோல் கிராமத்தில் இருந்து மேற்கு முகட்டு வழியாகத்தான் போகின்றன, நீங்களும் அதைத்தான் யோசித்திருப்பீர்கள்.

வானிலைக்கு வருவோம். இந்த மலைக்கு இரண்டு பக்கமிருந்தும் தொல்லை வரும். ஒன்று நமக்குப் பழக்கமான தென்மேற்குப் பருவமழை. டெல்லிக்கு அது சராசரியாக ஜூன் 27 வாக்கில் வருகிறது, ஜூலை 8-க்குள் நாடு முழுக்கப் பரவிவிடுகிறது. மேற்கு ராஜஸ்தானில் இருந்து விலகத் தொடங்குவது செப்டம்பர் 17 வாக்கில். இரண்டாவது, மேற்கில் மத்தியதரைக்கடல் பக்கம் பிறந்து, உயரக் காற்றோட்டத்தோடு கிழக்கே நகர்ந்து வரும் மேற்கத்தியத் தாழ்வுகள். டெல்லியில் ஜனவரியில் திடீரென்று வானம் மூடி மழை பெய்து, மறுநாள் குளிர் எலும்பைத் துளைக்கிறதே, அதைக் கொண்டுவருவது இவைதான். குளிர்காலத்தில் இமயத்துக்குப் பனி கொடுப்பவையும் இவையே. கோடையில் இவை குறைந்து வடக்கே ஒதுங்கிப் போய்விடும், ஆனால் நிற்பதில்லை. தனித்தனியாக வந்தால் சமாளிக்கலாம். பருவமழை வலுவாக இருக்கும் வாரத்தில் ஒரு மேற்கத்தியத் தாழ்வும் வந்து சேர்ந்துகொண்டால்தான் ஆபத்து. 2013 ஜூனில் கேதார்நாத்திலும் 2023 ஜூலையில் இமாச்சலத்திலும் நடந்தது அந்தச் சேர்க்கைதான். அதே நாட்களில் 6,000 மீட்டருக்கு மேல் இருப்பவனுக்கு அது இடைவிடாத பனிப்பொழிவாக இறங்கும்.

மூன்றாவதாகக் காற்று. குளிர்காலத்தில் இமயத்தின் தலைக்கு மேல் ஓடும் ஜெட் காற்றோட்டம் என்ற வேகமான உயரக் காற்று, ஜூனில் திபெத்துக்கு வடக்கே விலகிப் போய், செப்டம்பர் கடைசி, அக்டோபர் வாக்கில் திரும்பி வருகிறது. அதனால் ஜூலை, ஆகஸ்டில் உச்சியில் காற்று ஒப்பீட்டளவில் சாது, ஆனால் ஈரம் அதிகம். செப்டம்பர் நடுவுக்கு அப்புறம் வானம் கண்ணாடி மாதிரி இருக்கும், ஆனால் காற்றும் குளிரும் ஏறிக்கொண்டே போகும். ஈரமும் குறைந்து காற்றும் வந்து சேராத ஒரு குறுகிய இடைவெளி, சராசரியாக ஆகஸ்ட் கடைசி வாரம் முதல் செப்டம்பர் 12, 15 வரை என்பது என் கணிப்பு. இதைக் கணிப்பு என்றே எடுத்துக்கொள்ளுங்கள். சராசரி என்பது பல வருடங்களைக் கூட்டி வகுத்தது. உங்கள் வருடம் அதற்குக் கட்டுப்பட்டதில்லை. தவிர, தாமதமாகப் போனால் வேறு விலை உண்டு. பனியாற்றை மூடியிருந்த பனி உருகி, வெடிப்புகள் வாயைத் திறந்துகொண்டு நிற்கும். கண்ணுக்குத் தெரிவதால் சுற்றிப் போகலாம் என்பது ஒரு வசதி. வழி நீளும், சரிவில் வெறும் ஐஸ் தலைகாட்டும் என்பது அதன் மறுபக்கம். ஜூலையில் போகிறவர்களுக்கு நேரெதிர்: நடக்கச் சுலபம், காலடியில் என்ன ஒளிந்திருக்கிறது என்று தெரியாது.

இங்கே டெல்லிக்காரர்கள் எல்லோரும் ஏமாறும் ஒரு விஷயம் உண்டு. ஆகஸ்டில் இங்கே ஒரு வாரம் மழையே இல்லாமல் புழுங்கிக்கொண்டிருக்கும். ‘பருவமழை ஓய்ந்துவிட்டது, கிளம்பிவிடலாம்’ என்று தோன்றும். பல சமயம் நடப்பது என்னவென்றால், சமவெளியில் கிடக்க வேண்டிய பருவமழையின் தாழ்வழுத்தப் பள்ளம் வடக்கே நகர்ந்து இமய அடிவாரத்தில் போய் உட்கார்ந்திருக்கும். சமவெளி காயும், அடிவார மலைகளில் கொட்டும். அந்த ஈரம் எவ்வளவு தூரம் முகட்டைத் தாண்டும் என்பது தடவைக்குத் தடவை மாறும். எப்படியானாலும், ஜன்னல் வழியாக நொய்டா வானத்தைப் பார்த்து நுன்னுக்கு முடிவெடுக்கக் கூடாது.

சரி, ஆப். போனில் கார்கில் என்று தட்டினால் வருவது 2,676 மீட்டரில் இருக்கும் ஊரின் வானிலை. நுன் என்றே தட்டினாலும் வருவது பெரும்பாலும் நுன்னின் வானிலை இல்லை. எல்லா ஆப்புக்கும் பின்னால் இருப்பவை சில கணினி மாடல்கள்தான். அவை பூமியைக் கட்டம் கட்டமாகப் பிரித்துக் கணக்குப் போடுகின்றன. அமெரிக்காவின் ஜிஎஃப்எஸ் கட்டம் சுமார் 13 கிலோமீட்டர், ஐரோப்பிய வானிலை மையத்தின் மாடலுக்கு 9, நம் வானிலைத் துறை 2025 மே மாதம் கொண்டுவந்த பாரத் முன்னறிவிப்பு மாடலுக்கு 6. ஒன்பது கிலோமீட்டர் கட்டத்தில் சுரு ஆற்றங்கரையின் ஒரு பகுதியும் மலைச்சரிவும் சேர்ந்தே விழும். மாடல் அதன் உயரத்தைச் சராசரி ஆக்கிவிடும். மாடலின் உலகத்தில் நுன் என்ற கூர்மையான உச்சியே கிடையாது, அங்கே இருப்பது ஒரு மொழுக்கையான மேடு. அந்த மேட்டின் வெப்பநிலையைத்தான் ஆப் உங்களுக்குக் காட்டுகிறது.

அதனால் தரைமட்ட வானிலையை விட்டுவிட்டு, அழுத்த மட்டங்களை, அதாவது காற்றழுத்தத்தை வைத்துக் குறிக்கும் உயரங்களைப் பாருங்கள். விண்டி போன்ற வானிலைத் தளங்களில் உயரத்தை மாற்றும் பட்டியில் 500, 400 ஹெக்டோபாஸ்கல் என்று இருக்கும் (காற்றழுத்தத்தின் அளவு, மேலே போகப் போகக் குறையும்). ஆகஸ்டில் இந்தப் பகுதியில் 500 என்பது சுமார் 5,850 மீட்டர், அதாவது உங்கள் நடு கேம்ப் அளவு. 400 என்பது சுமார் 7,500 மீட்டர், உச்சிக்குச் சற்று மேலே. தளத்தில் பக்கத்தில் எழுதியிருக்கும் மீட்டர் பொது அளவு. இமயத்தில் கோடையில் அந்த மட்டங்கள் அதைவிட உயரத்தில் இருக்கும். உச்சி நாளுக்கு 400-இல் காற்றைப் பாருங்கள். மணிக்கு 30 கிலோமீட்டருக்குள் என்றால் போகலாம். 30 முதல் 50 வரை என்றால் குழுவின் பலத்தைப் பொறுத்தது. நீங்கள் நால்வரும் முதல் 7,000-க்குப் போகிறீர்கள் என்பதால் உங்களுக்கு வேண்டாம் என்றே சொல்வேன். அதற்கு மேலே யோசிக்கவே தேவையில்லை. முகட்டில் காற்று நெருக்கிப் பிடித்து ஓடுவதால் மாடல் சொல்வதைவிடக் கூடத்தான் செய்யும். மைனஸ் 15 டிகிரியில் 40 கிலோமீட்டர் காற்று அடித்தால் தோலுக்கு அது மைனஸ் 27 போல இருக்கும்; செப்டம்பரில் மைனஸ் 20 ஆகிவிட்டால் அதே காற்று மைனஸ் 34. மைனஸ் 28-க்குக் கீழே போனால் மூடாத தோல் அரை மணி நேரத்துக்குள் உறையத் தொடங்கலாம். கையுறையைக் கழற்றி கேமராவைத் தட்டிக்கொண்டிருக்கும் நேரம் இதில் சேர்த்தி.

எதை எவ்வளவு நம்பலாம் என்பதையும் பிரித்துக்கொள்ளுங்கள். உயரத்தில் காற்று, அடுத்த மூன்று நாள்: நன்றாகவே நம்பலாம். ஒரு மேற்கத்தியத் தாழ்வு வருகிறதா இல்லையா: நாலு ஐந்து நாள் முன்னால் தெரிந்துவிடும், வந்து சேரும் நேரம் அரை நாள் ஒரு நாள் முன்பின் ஆகும். எவ்வளவு பனி விழும்: மாடல்கள் மலைகளில் மிகவும் தடுமாறும் இடம் இது. 8 மில்லிமீட்டர் என்று காட்டினால், குளிர்ந்த உயரத்தில் சுமார் 8 சென்டிமீட்டர் பனி என்று வைத்துக்கொள்ளுங்கள், அதில் பாதியோ இரண்டு மடங்கோ விழுந்தாலும் ஆச்சரியப்படாதீர்கள். மதியத்துக்கு மேல் உள்ளூரில் எழும்பும் மேகம்: எந்த மாடலும் இடம் சொல்லாது. பத்தாவது நாளுக்கு ஆப் காட்டும் சூரியன் படம்: அலங்காரம். ஒரே மாடலை ஆரம்ப நிலையில் சிறு மாற்றங்களோடு ஐம்பது தடவைக்கு மேல் ஓட்டிப் பார்க்கும் தொகுப்புக் கணிப்பு இருக்கிறது, ஐரோப்பிய மையம் அதைத் தருகிறது. அந்தக் கோடுகள் எல்லாம் ஒன்றாக ஓடினால் நம்பிக்கை, விசிறி மாதிரி பிரிந்தால் யாருக்கும் தெரியாது என்று அர்த்தம். நான் முதலில் பார்ப்பது அதைத்தான். கூடவே வானிலைத் துறையின் ஸ்ரீநகர், லே மையங்களின் அறிவிப்பையும் பார்த்துக்கொள்ளுங்கள். நீங்கள் போய்ச் சேரவேண்டிய சாலை திறந்திருக்குமா என்பதற்கு அவைதான் உதவும்.

இதையெல்லாம் பேஸ் கேம்ப்பில் எப்படிப் பார்ப்பது என்றுதானே கேட்பீர்கள். பார்க்க முடியாது. அதனால்தான் ஊரில் ஒரு ஆள் வேண்டும். சாட்டிலைட் போன் விஷயத்தில் விளையாடாதீர்கள்: நம் நாட்டில் துராயா, இரிடியம் போன்களை அனுமதி இல்லாமல் வைத்திருப்பது குற்றம். கார்மின் இன்ரீச் போன்ற செய்தி அனுப்பும் கருவிகளும் அதில்தான் சேரும். விமான நிலையத்தில் பையில் அது இருந்ததற்காக வெளிநாட்டு மலையேறிகள் பிடிபட்டிருக்கிறார்கள். தொலைத்தொடர்புத் துறை அனுமதியோடு பிஎஸ்என்எல் வழியாகச் சாட்டிலைட் போன் பெற வழி உண்டு, ஆனால் அந்தக் காகித வேலையை மாதக்கணக்கில் முன்னால் தொடங்க வேண்டும். கிடைக்கவில்லை என்றால் பழைய வழி: கீழே சிக்னல் இருக்கும் இடம்வரை ஒரு ஆளை அனுப்பிச் செய்தி எடுத்துவரச் செய்வது. செய்தி உங்கள் கைக்கு வரும்போது ஒரு நாள் பழசாகிவிட்டிருக்கும் என்பதைக் கணக்கில் சேருங்கள். இன்னொன்று, வெளி மாநில ப்ரீபெய்ட் சிம் லடாக்கில் வேலை செய்யாது, போஸ்ட்பெய்ட் வேண்டும். இது தெரியாமல் ஸ்ரீநகரில் இறங்கி முழிப்பவர்களை இன்னும் பார்க்கிறேன்.

ஊரில் இருந்து வரும் செய்தி எப்படி இருக்க வேண்டும் என்று இப்போதே பேசி வைத்துக்கொள்ளுங்கள். ‘வானிலை சூப்பர், கலக்குங்க’ என்று வந்தால் குப்பையில் போடுங்கள். நான் அனுப்புவது இந்த மாதிரி இருக்கும்: ‘27 காலை முதல் 29 மதியம் வரை உச்சியில் மேற்குக் காற்று 20–25. 29 மாலை மேகம். 30 பனி, 10 முதல் 25 செ.மீ. 29 மதியம் வரை நம்பிக்கை நன்று, அப்புறம் பாதிக்குப் பாதி.’ தேதி, காற்று, பனி, நம்பிக்கை. இந்த நாலுக்கு மேல் ஒரு வார்த்தை வேண்டாம். போகலாமா வேண்டாமா என்று நான் எழுத மாட்டேன். அது மேலே இருப்பவர்கள் முடிவு.

மேலே இருப்பவர்கள் கையில் ஒரு நல்ல கருவி இருக்கிறது, பலர் அதை உயரம் பார்க்க மட்டும்தான் பயன்படுத்துகிறார்கள்: கடிகாரத்தில் இருக்கும் ஆல்டிமீட்டர். அது உண்மையில் அளப்பது காற்றழுத்தத்தை. கேம்ப்பில் நகராமல் உட்கார்ந்திருக்கும்போது கடிகாரம் காட்டும் உயரம் கூடினால், அழுத்தம் இறங்கியிருக்கிறது என்று பொருள். 5,500 மீட்டர் வாக்கில் ஒரு ஹெக்டோபாஸ்கல் என்பது சுமார் 15 மீட்டர். நேற்று காலை 6 மணிக்கு 5,400 காட்டியது இன்று காலை 6 மணிக்கு 5,450 காட்டினால், அழுத்தம் மூன்று ஹெக்டோபாஸ்கலுக்கு மேல் விழுந்துவிட்டது, ஏதோ வருகிறது. ஒரு விஷயம் கவனிக்க வேண்டும். வானம் தெளிவாக இருக்கும் நாளில்கூட அழுத்தம் தினமும் இரண்டு தடவை ஏறி இறங்கும். காலை 10, இரவு 10 வாக்கில் உச்சம், விடியற்காலை 4, மாலை 4 வாக்கில் பள்ளம். காலை பத்து மணி அளவை மாலை நாலு மணி அளவோடு ஒப்பிட்டுப் பயந்துகொள்ள வேண்டாம். ஒரே மணிக்கு எடுத்ததை ஒரே மணிக்கு எடுத்ததோடு மட்டும் ஒப்பிடுங்கள். தானாக உயரத்தைத் திருத்திக்கொள்ளும் ஜிபிஎஸ் வசதியை அணைத்து வைக்க வேண்டும், இல்லாவிட்டால் அது இந்த மாற்றத்தையே அழித்துவிடும். இதோடு மேற்கே வானத்தைப் பாருங்கள். மெல்லிய கீற்று மேகம் தடித்து, சூரியனைச் சுற்றி வளையம் வந்து, அப்புறம் சூரியன் பால் கண்ணாடிக்குப் பின்னால் இருப்பதுபோல் மங்கினால், கடிகாரமும் அதையே சொன்னால், ஊரில் இருந்து என்ன செய்தி வந்திருந்தாலும் கீழே இருங்கள்.

புயல் முடிந்த மறுநாள் காலை நீல வானத்தைப் பார்த்ததும் கால் பரபரக்கும். பெரிய பனிச்சரிவுகள் நிறைய நடப்பது அந்த நேரத்தில்தான். புதுப் பனி பழைய பனியோடு ஒட்டிக்கொள்ள நேரம் வேண்டும், பொதுவாக ஒன்றிரண்டு நாள்; காற்று அடித்திருந்தால் முகட்டின் மறைவுப் பக்கம் பனியைக் கொண்டுபோய்க் குவித்து வைத்திருக்கும், அங்கே இன்னும் அதிகம். 30 முதல் 45 டிகிரி சரிவுகளில்தான் இந்த ஆபத்து கூடுதல், நுன் வழியில் அப்படிப்பட்ட சரிவுகள் உண்டு. 2022 அக்டோபர் 4 அன்று உத்தராகண்டின் திரௌபதி கா டண்டா 2 சிகரத்தில் உத்தரகாசி பயிற்சி நிறுவனத்தின் பெரிய குழு ஒன்று பனிச்சரிவில் சிக்கியது. அனுபவம் உள்ள பயிற்சியாளர்கள் கூடவே இருந்தார்கள். இன்னொன்று, ஆகஸ்டில் வெப்பமான நாட்களில் உறைநிலை 5,500 மீட்டரைத் தாண்டுவதும் உண்டு. அப்போது கேம்ப் 1-இல் பனி விழாது, மழையே பெய்யும். மழையில் ஊறிய பனிச்சரிவு, உலர்ந்ததைவிடக் கனம். அந்த மாதிரி இரவுகளில் நகரவே வேண்டாம்.

இப்போது உங்கள் 17 நாளைப் பிரித்துப் பார்ப்போம். டெல்லியில் இருந்து லேவுக்குப் பறந்தால் முதல் ராத்திரியே 3,500 மீட்டரில் படுக்க வேண்டும், அதனால் ஸ்ரீநகர் வழியே நல்லது: ஸ்ரீநகர் 1,585, ஜோஜி லா கணவாயைத் தாண்டிக் கார்கில் 2,676, அங்கிருந்து சுமார் 70 கிலோமீட்டரில் தாங்கோல். பேஸ் கேம்ப் சுமார் 4,600. 3,000 மீட்டருக்கு மேல் படுக்கும் உயரத்தை ஒரு நாளில் 500-க்கு மேல் கூட்டக் கூடாது, மூன்று நாலு நாளுக்கு ஒரு நாள் ஓய்வு என்பது மருத்துவர்கள் பொதுவாகச் சொல்லும் அளவு. அதன்படி பேஸ் கேம்ப் போய்ச் சேரவே ஆறு நாள். அங்கிருந்து சாமான் தூக்கி மேலே வைத்துவிட்டு இறங்கி, தூங்கி, மறுபடி ஏறி என்று உடம்பைப் பழக்க ஏழு நாள். சுமார் 6,300-இல் இருக்கும் கடைசி கேம்ப்புக்கு ஏறி, உச்சி தொட்டு, பேஸ் கேம்ப் திரும்ப ஐந்து நாள். டெல்லி வர மூன்று நாள். 21 ஆயிற்று, இதில் ஒரு நாள்கூட மோசமான வானிலைக்கு ஒதுக்கவில்லை. மேற்கத்தியத் தாழ்வு ஒன்று வந்தால் பனி இரண்டு நாள், பனி இறுக இரண்டு நாள், நாலு நாள் போய்விடும். அதனால் 25 நாள் இல்லாமல் நுன்னுக்குக் கிளம்ப வேண்டாம். 17 நாளில் ஏறியவர்கள் இருக்கலாம். முன்னாலேயே வேறு மலையில் உடம்பைப் பழக்கிக்கொண்டு வந்தவர்களாகவோ, வானம் ஒத்துழைத்த அதிர்ஷ்டசாலிகளாகவோ இருப்பார்கள். அவசரத்தில் அண்டாவுக்குள்ளும் கை போகாது என்பார்கள். 6,300 மீட்டரில், லீவு முடிய நாலு நாள் இருக்கும்போது, காற்று 50-ஐத் தொடும் என்று செய்தி வந்தால் நீங்கள் எப்படி யோசிப்பீர்கள் என்று இப்போதே பேசிக்கொள்ளுங்கள். உயர நோய்க்கு அசெட்டாசோலமைடு மாத்திரை பற்றி டாக்டரிடம் கேளுங்கள், ஆனால் அதைப் போட்டு நாளைக் குறைக்கலாம் என்று கணக்குப் போடாதீர்கள். நடை தள்ளாடினாலோ, சும்மா இருக்கும்போதும் மூச்சு வாங்கினாலோ மருந்து இரண்டாவதுதான், முதலில் கீழே இறங்க வேண்டும்.

காத்திருக்கும் நாட்களுக்குச் சாப்பாடு வேண்டும், அதைவிட முக்கியம் கேஸ். மேல் கேம்ப்களில் தண்ணீர் என்றாலே பனியை உருக்குவதுதான், ஆளுக்கு மூன்று நாலு லிட்டர் குடிக்க வேண்டும். கேஸ் தீர்ந்தால் சாப்பாடு இருந்தாலும் இறங்கத்தான் வேண்டும். வெறும் பியூட்டேன் கடும் குளிரில் சரியாக ஆவி ஆகாது, ப்ரொப்பேன் அல்லது ஐசோபியூட்டேன் கலந்த உருளை வாங்குங்கள். விமானத்தில் கொண்டுபோக முடியாது, ஏஜென்சியிடம் முன்னாலேயே சொல்லி ஸ்ரீநகரிலோ கார்கிலிலோ தயாராக வைக்கச் சொல்லுங்கள். 5,500 மீட்டரில் தண்ணீர் 82 டிகிரியிலேயே கொதித்துவிடும். பேஸ் கேம்ப்பில் குக்கர் இல்லாமல் சாதம் வேகாது, மேலே போனால் சாதத்தை மறந்துவிடுங்கள். வீட்டில் அரைத்துக் கொண்டுபோகும் பருப்புப் பொடியும் புளிக்காய்ச்சலும் மட்டும் எந்த உயரத்திலும் கைவிட்டதில்லை.

உச்சி நாளில் நேரம்தான் வானிலை. நள்ளிரவு ஒரு மணிக்குள் கிளம்பி, எங்கே இருந்தாலும் பகல் 12 மணிக்குத் திரும்புவது என்று கேம்ப்பிலேயே முடிவு செய்து, நால்வரும் வாய்விட்டுச் சொல்லிக்கொள்ளுங்கள். மதியத்துக்கு மேல் மேகம் ஏறும், பனி இளகும், வெடிப்புகளின் மேல் இருக்கும் பனிப்பாலங்கள் தொய்யும். கீழே பனியாற்று ஓடைகளும் மாலையில்தான் பெருகும். ஹெலிகாப்டர் வந்து தூக்கும் என்று எண்ண வேண்டாம். உங்களுக்கு அது தேவைப்படும் வானிலையில் அதால் பறக்க முடியாது.

அனுமதிக்கு ஆனந்த் நிகேதனில் பெனிட்டோ வாரெஸ் மார்கில் இருக்கும் இந்திய மலையேற்ற அறக்கட்டளையில், அதாவது ஐஎம்எஃப்-இல், சிகரத்தை முன்பதிவு செய்ய வேண்டும். ஏஜென்சி செய்துகொடுக்கும் என்றாலும் நொய்டாவில் இருந்துகொண்டு நேரில் ஒரு தடவை போகாமல் இருக்காதீர்கள். அங்கே நூலகம் இருக்கிறது. முந்தைய குழுக்களின் அறிக்கைகளைக் கேளுங்கள். அவற்றில் உச்சிப் படத்தை விட்டுவிட்டு, எந்தத் தேதிகளில் டென்ட்டுக்குள் முடங்கினார்கள், எத்தனை நாள் முடங்கினார்கள் என்று குறித்துக்கொண்டே வாருங்கள். எந்த ஆப்பும் தராத தகவல் அது.

லீவு 17-க்கு மேல் நகரவே நகராது என்றால், இந்த வருடம் லடாக்கின் உள்பக்கம் இன்னொரு 6,000 மீட்டர் மலைக்குப் போங்கள், அதற்கு 17 நாள் தாராளம், மூன்று நாலு நாள் கையிலும் நிற்கும். 25 கிடைத்தால், ஆகஸ்ட் 15 வாக்கில் டெல்லியை விட்டு, உச்சிக்கான நாட்கள் ஆகஸ்ட் கடைசியிலும் செப்டம்பர் முதல் வாரத்திலும் விழுமாறு போடுங்கள். ஸ்ரீநகரில் இருந்து திரும்பும் டிக்கெட்டை மட்டும் தேதி மாற்றக்கூடியதாக எடுங்கள். கூடுதல் பணம் கொஞ்சம்தான் ஆகும்.